விமானத்து வைஃபையில் படம் ஓடவில்லை: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு தீர்க்கும் வழி

கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்குப் போன ஒரு பயணத்தில் எனக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக, எழுபதைத் தாண்டிய ஒரு ஐயா இருந்தார். முன் இருக்கையின் முதுகில் திரை இல்லை. பையில் ஓர் அட்டை மட்டும் செருகியிருந்தது: உங்கள் கைபேசியிலேயே படம் பாருங்கள். அவர் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் படித்தார். போனை எடுத்தார், எதையோ அழுத்தினார், மறுபடி அழுத்தினார். பிறகு இரண்டையும் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன ஐயா, படம் வரவில்லையா?”

“இன்டர்நெட் இல்லை என்று சொல்கிறது, தம்பி. பழுது போலிருக்கிறது.”

பழுது எதுவும் இல்லை. போன் ஒரு கேள்வி கேட்டிருந்தது. அதற்கு ‘ஆம்’ என்று தொட்டிருந்தால் போதும். அரை நிமிடத்தில் படப் பட்டியல் வந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது மகிழ்ச்சியும் வந்தது, கோபமும் வந்தது. இந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று அந்த அட்டையில் ஒரு வரி எழுதியிருக்கலாமே!

கொழும்பு வெள்ளவத்தையில் கைபேசி திருத்துவது என் தொழில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். வருடத்தில் ஒரு தடவையாவது விமானம் ஏறுகிறார்கள். போய் வந்து “பிளேனில் என் போன் வேலை செய்யவில்லை, பாருங்கள்” என்று மேசையில் வைக்கிறார்கள். தரையில் அந்தப் போனில் ஒரு குறையும் இருக்காது. அவர்களுக்காகவும், அம்மா அப்பாவைத் தனியாக ரொறன்ரோவுக்கோ இலண்டனுக்கோ அனுப்பிவைக்கும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். விமானத்தில் இணையம் இல்லாமல் போகலாம் என்பதால் புறப்படும் முன்பே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் இலகு. விமானத்தின் வைஃபை வேறு, இணையம் வேறு. படங்கள் எல்லாம் விமானத்துக்குள்ளேயே ஒரு சேவைக் கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. கூரைப் பலகைகளுக்குப் பின்னால் பொருத்திய இரண்டு மூன்று வைஃபைக் கருவிகள் அவற்றை உங்கள் கைக்கு அனுப்புகின்றன. சில விமானங்களில் அதுவும் இல்லை: பெரிய சாப்பாட்டுப் பெட்டி அளவில், தனக்கென்று பற்றரி வைத்துக்கொண்ட ஒரு பெட்டி, தலைக்கு மேலுள்ள சாமான் தட்டில் இருந்தபடியே முழு வேலையையும் செய்கிறது. எப்படியானாலும் படம் உங்களிடமிருந்து பத்து இருபது மீட்டருக்குள்தான் இருக்கிறது. வெளியுலகத் தொடர்பு அதற்குத் தேவையே இல்லை.

ஆனால் கைபேசியை அப்படிப் பழக்கவில்லை. எந்த வைஃபையில் சேர்ந்தாலும், வெளியிலுள்ள ஒரு சேவைக் கணினிக்கு (ஐபோன் என்றால் ஆப்பிளுடையது, ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் கூகிளுடையது) அது ஒரு சிறு செய்தி அனுப்பிப் பார்க்கிறது. பதில் வந்தால் நல்ல வைஃபை. வராவிட்டால் உதவாத வைஃபை என்று தீர்மானித்து விலகப் பார்க்கிறது. தரையில் இது நல்ல குணம். 35,000 அடி உயரத்தில் இதுவே தொல்லையின் வேர். கீழே சொல்லப்போகும் தீர்வுகளில் பெரும்பாலானவை, விலகி ஓடப் பார்க்கும் போனைப் பிடித்து நிறுத்தும் வேலைதான்.

இது புதிய ஏற்பாடு அல்ல. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2011 ஆகஸ்டில் போயிங் 767 விமானங்களில் இதைத் தொடங்கிவிட்டது. இருக்கைக்கு ஒரு திரை வைப்பதென்றால் செலவும் எடையும் கூடும். எடை கூடினால் எரிபொருளும் கூடும். கொழும்பிலிருந்து நாம் ஏறும் ஒற்றை நடைபாதை விமானங்களில் திரையில்லாத இருக்கைகளைக் காண்பதற்கு அதுவே காரணம்.

வைஃபை பட்டியலில் விமானத்தின் பெயரே இல்லை

விமானப் பயன்முறையைப் போட்டதும் பல போன்களில் வைஃபையும் சேர்ந்தே அணைந்துவிடும். அணைந்ததைக் கவனிக்காமல் தேடுகிறவர்கள்தான் அதிகம். விமானப் பயன்முறை அப்படியே இருக்கட்டும். வைஃபையை மட்டும் திரும்பத் தொட்டு இயக்குங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கலாம், தடை எதுவும் இல்லை. புளூடூத்துக்கும் அப்படியே.

அப்படியும் வரவில்லையென்றால் நேரத்தைப் பாருங்கள். பல விமானங்களில் இந்தச் சேவை 10,000 அடியைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது. இருக்கைப் பட்டி விளக்கு அணைந்து ஐந்து நிமிடம் கழித்து வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்.

அதற்குப் பிறகும் இல்லையென்றால் போனைக் குறை சொல்லாதீர்கள். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றியிருக்கலாம். மாற்றி வந்த விமானத்தில் இந்த வசதி இல்லாதிருக்கலாம். இருக்கைப் பையில் அட்டை இருக்கிறதா, தலைக்கு மேல் வைஃபைக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். பெட்டி வகை என்றால் பணியாளர் அதை இயக்க மறந்திருக்கலாம், பற்றரி தீர்ந்தும் போயிருக்கலாம். “இன்றைக்குப் படச் சேவை இருக்கிறதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரரின் போனில் பெயர் தெரிந்து உங்களுடையதில் மட்டும் தெரியவில்லையென்றால், உங்கள் போன் பழையதாக இருந்து 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைப் பிடிக்காததாக இருக்கலாம். அதற்கு வானத்தில் மருந்தில்லை.

சேர்கிறது, ‘இணைய இணைப்பு இல்லை’ என்கிறது, விட்டுவிடுகிறது

ஐயாவுக்கு நடந்தது இதுதான். எனக்கு வரும் முறைப்பாடுகளில் முதலிடம் இதற்கே.

ஆண்ட்ராய்டு போனில், சேர்ந்த சில செக்கன்களில் ஒரு சிறு பெட்டி எழும்பும்: இந்த வைஃபையில் இணையம் இல்லை, இருந்தும் இதிலேயே இருக்கவா என்று கேட்கும். சில போன்களில் அது பெட்டியாக வராமல் மேலே அறிவிப்புப் பட்டியில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும். விரலால் கீழே இழுத்துப் பாருங்கள். ‘ஆம்’ என்று தொடுங்கள். ‘மீண்டும் கேட்காதே’ என்ற கட்டம் இருந்தால் அதையும் தொடுங்கள். நம்மவர்கள் பலர், இணையம் இல்லாத வைஃபை எதற்கு என்று நியாயமாக யோசித்து ‘வேண்டாம்’ என்று தொட்டுவிடுகிறார்கள். அந்த நியாயம் இங்கே பொருந்தாது. ‘வேண்டாம்’ என்று தொட்டுவிட்டீர்களா? வைஃபை பட்டியலில் அந்தப் பெயரை அழுத்தி, ‘மறந்துவிடு’ என்பதைத் தெரிவுசெய்து, புதிதாகச் சேருங்கள்; கேள்வி திரும்ப வரும்.

ஐபோனில் சேர்ந்தவுடன் ஒரு சிறு சாளரம் தானாகவே திறக்கலாம். அதற்குள்ளேயே படம் பார்க்க முயல வேண்டாம். அது உள்நுழைவதற்கென்று மட்டும் செய்த அரைகுறை உலாவி. படத்துக்குப் போட்டிருக்கும் பூட்டைத் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) திறக்கும் வலு அதற்கு இல்லை. உள்நுழைவு முடிந்தால் மூடிவிடுங்கள். ‘ரத்து’ என்று தொட்டதும் ‘இணையம் இல்லாமலே பயன்படுத்து’ என்ற தெரிவு வந்தால் அதையே எடுங்கள். பிறகு சஃபாரியைத் திறந்து, அட்டையிலுள்ள முகவரிக்குப் போங்கள்.

வைஃபை நிலையாக இருக்கிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை

அட்டையில் இருக்கும் முகவரியை எங்கே எழுதினீர்கள் என்று முதலில் பாருங்கள். கூகிளின் தேடல் கட்டத்தில் எழுதினால் போன் அதைத் தேடப் போகும். தேடுவதற்கு இணையம் வேண்டும். உலாவியின் உச்சியிலுள்ள முகவரிக் கட்டத்தில், அட்டையில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் புள்ளியும் தவறாமல் எழுதுங்கள். கியூ.ஆர். குறி இருந்தால் கமராவை அதன்மேல் பிடிப்பது இன்னும் சுலபம்.

சரியாக எழுதியும் ‘இந்தத் தளத்தை அடைய முடியவில்லை’ என்றால் சந்தேகப்பட வேண்டியது வி.பி.என். கொழும்புக்காரர்களுக்கு இதில் ஒரு தனிக்கதை உண்டு. 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுடன் பேச வழியில்லாமல் தவித்த அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் வி.பி.என். செயலியைப் போட்டுக்கொடுத்தார். முடக்கம் நீங்கியது, செயலி நீங்கவில்லை. என் மேசைக்கு வரும் பெரியவர்களின் போன்களில் அது இன்றும் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதைக் காண்கிறேன். வி.பி.என். செய்வது, உங்கள் போக்குவரத்து முழுவதையும் வெளிநாட்டிலுள்ள ஒரு கணினிக்கு அனுப்புவது. விமானத்துக்குள் அந்தக் கணினி எட்டாது. ஆகவே பத்து மீட்டர் தொலைவில் இருக்கும் படமும் எட்டாது. அணையுங்கள். ‘எப்போதும் இயக்கத்தில்’ என்ற தெரிவு போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அலுவலக மடிக்கணினி என்றால் வி.பி.என்.ஐ உங்களால் அணைக்க முடியாமல் இருக்கலாம். அப்படியானால் போனில் பாருங்கள்.

அடுத்தது, விளம்பரங்களைத் தடுப்பதற்காகப் பிள்ளைகள் போட்டுக்கொடுக்கும் ஓர் ஏற்பாடு. 2018 இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், வைஃபை அமைப்புகளின் அருகில் ‘தனிப்பட்ட டி.என்.எஸ்.’ என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு நிறுவனத்தின் பெயரைக் குறித்து வைத்திருந்தால், ஒவ்வொரு முகவரியையும் போன் அந்த நிறுவனத்திடம்தான் விசாரிக்கும். விமானத்தின் சேவைக் கணினியிடம் விசாரிக்க மறுக்கும். அட்டையிலுள்ள முகவரியோ விமானத்துக்குள் மட்டுமே தெரிந்த முகவரி. ‘தானியங்கி’ என்று மாற்றுங்கள். ஐபோனில் இதே தொல்லையை, உங்கள் முகவரியை மறைக்கும் ‘ஐகிளவுட் பிரைவேட் ரிலே’ என்ற வசதி உண்டாக்கலாம். வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள வட்டக் குறியைத் தொட்டு, ஐ.பி. முகவரி கண்காணிப்பை மட்டுப்படுத்தும் தெரிவை அந்த வைஃபைக்கு மட்டும் அணையுங்கள்.

பூட்டுப் படத்தோடு ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை வந்தால் போனின் திகதியைப் பாருங்கள். பற்றரி முழுவதும் வடிந்து எழும்பிய பழைய போன்கள் சில வேளைகளில் எத்தனையோ வருடம் பின்னால் போய் நிற்கும். சான்றிதழின் காலத்தோடு போனின் காலம் பொருந்தாவிட்டால் உலாவி கதவைத் திறக்காது. திகதியும் வருடமும் சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், பெரும்பாலும் நீங்கள் ஏதோ வெளித்தளத்துக்குப் போகப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். அட்டையின் முகவரிக்கே திரும்புங்கள். எந்த நிலையிலும் அந்த எச்சரிக்கையை மீறி வங்கி விபரமோ கடவுச்சொல்லோ கொடுக்க வேண்டாம்.

பட்டியல் வருகிறது, படத்தைத் தொட்டால் கறுப்புத் திரை

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் யாரும் விளக்குவதில்லை.

படம் முழுதாக ஒரே கோப்பாக உங்கள் போனுக்கு வருவதில்லை. சில செக்கன்கள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. துண்டுகள் பூட்டப்பட்டவை. திறப்பு வேறு வழியாக, தனியாக வருகிறது. வந்து, போனுக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஓர் அறையில் தங்கி, அங்கேயே துண்டுகளைத் திறந்து திரைக்கு அனுப்புகிறது. ஒரே படத்தை நூறு பேர் நூறு விதமான போன்களில் பார்க்கும்போது யாரும் பிரதி எடுத்துவிடக் கூடாது என்று படநிறுவனங்கள் விதித்த நிபந்தனை இது. ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் இந்தப் பூட்டுக்குப் பெயர் வைட்வைன். அதைச் செய்த நிறுவனத்தைக் கூகிள் 2010 இல் வாங்கியது. ஆப்பிளில் ஃபேர்பிளே. மைக்ரோசொஃப்டில் பிளேரெடி.

பட்டியலும் சுவரொட்டிப் படங்களும் பூட்டில்லாதவை, ஆகவே வந்துவிடுகின்றன. படம் பூட்டியது. பூட்டுக்குச் சரியான திறப்பு அமையாவிட்டால் கறுப்புத் திரை, அல்லது புரியாத இலக்கத்தோடு ஒரு பிழைச் செய்தி.

முதலில் உலாவியை மாற்றுங்கள். ஆண்ட்ராய்டில் குரோம், ஐபோனிலும் மாக் கணினியிலும் சஃபாரி, விண்டோஸில் எட்ஜ் அல்லது குரோம். போனோடு வந்த பெயர் தெரியாத உலாவிகளும், வேறு செயலிக்குள் திறந்துகொள்ளும் உலாவிகளும் இதற்கு ஆகாது. மறைநிலைச் சாளரத்தில் திறந்திருந்தால் மூடிவிட்டுச் சாதாரணச் சாளரத்தில் திறவுங்கள். குரோமின் தள அமைப்புகளில் ‘பாதுகாக்கப்பட்ட உள்ளடக்கம்’ என்று ஒன்று இருக்கிறது. அது தடுக்கப்பட்டிருந்தால் அனுமதியுங்கள்.

திரையைப் பதிவுசெய்யும் செயலி ஏதாவது ஓடுகிறதா? நிறுத்துங்கள். மடிக்கணினியில் வேறு திரை இணைத்திருந்தால் கழற்றுங்கள். படத்தின் ஒலி கேட்கிறது, காட்சி மட்டும் கறுப்பு என்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். ஒரு தடவை கடையில், பேரப்பிள்ளைக்கு விளையாட்டுக் காட்சிகள் பதிவுசெய்து அனுப்பும் ஓர் அம்மாவின் போனைத் திறந்து பார்த்தேன். திரையின் ஓரத்தில் மிதக்கும் ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு, பதிவுச் செயலியின் பொத்தான். ஐந்து மணி நேரப் பயணத்தில் அவர் ஒரு படமும் பார்க்காமல் வந்ததற்கு அந்தப் பொட்டு போதுமாக இருந்தது.

‘ரூட்’, ‘ஜெயில்பிரேக்’ என்று போனின் சொந்தப் பூட்டை உடைத்து உள்ளமைப்பை மாற்றிய போன்களை இந்த ஏற்பாடு நம்பாது. மலிவு விலைக்கு வாங்கி யாரோ கைவைத்த போன் என்றால் அங்கேயே நின்றுவிடும்.

கடைசியாக, செயலி. சில நிறுவனங்களின் படங்கள் அந்த நிறுவனத்தின் செயலியில் மட்டுமே ஓடும். அதை வானத்தில் இறக்க முடியாது. வீட்டிலேயே இறக்கி, ஒரு தடவை திறந்து, கேட்கும் அனுமதிகளையும் கொடுத்துவிடுங்கள். மறந்துவிட்டால் புறக்கோட்டையிலிருந்து விமான நிலையத்துக்கு 187 பஸ்ஸில் போகும்போதாவது செய்யுங்கள். அதே வேளையில் குரோமையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் புதுப்பிக்காத உலாவியில்தான் பிழைச் செய்திகள் அதிகம் வருகின்றன.

ஓடுகிறது, நிற்கிறது, வட்டம் சுற்றுகிறது

180 இருக்கை விமானத்தில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள், ஒரு படத்துக்குச் செக்கனுக்கு ஒன்றரை மெகாபிட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 135 மெகாபிட். அதை இரண்டு மூன்று கருவிகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். நடுவில் தண்ணீர் நிறைந்த மனித உடல்கள் அலைகளை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. எல்லோரும் ஒன்றாகத் தொடங்கும் முதல் பத்து நிமிடங்கள்தான் மோசமானவை. கொஞ்சம் பொறுத்துத் தொடங்குங்கள்.

உங்கள் பக்கம் செய்யக்கூடியது: போனின் ஹொட்ஸ்பொட் இயங்கினால் அணையுங்கள். தரையில் இயக்கியதை மறந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அந்த வரிசை முழுவதற்கும் இடைஞ்சல். சக்தி சேமிப்பு முறையை எடுத்துவிடுங்கள். போனைத் தட்டுக்குக் கீழே மடியில் வைக்காமல் தட்டின்மேல் வையுங்கள். தரத் தெரிவு இருந்தால் ஒரு படி இறக்குங்கள்; ஆறு அங்குலத் திரையில் வேறுபாடு தெரியாது. விமானத்தின் வைஃபை இரண்டு பெயர்களில் தெரிந்து, ஒன்றில் 5 என்ற இலக்கம் இருந்தால் அதில் சேருங்கள். புளூடூத் 2.4 கிகாஹேர்ட்ஸில் பேசுவதால் அந்தப் பக்கம் எப்போதும் நெரிசல்.

வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் நின்றால் கோளாறு விமானத்தில். பணியாளரிடம் சொல்லுங்கள், சேவைக் கணினியை அணைத்து இயக்க அவர்களுக்கு வழி உண்டு, பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கலாம்.

சத்தம் வரவில்லை, அல்லது வாய் ஒரு பக்கம் வார்த்தை ஒரு பக்கம்

புளூடூத் காதணிகளில் ஒலி சற்றுப் பிந்தி வருவது இயல்பு. நல்ல செயலிகள் அதைக் கணக்கிட்டுக் காட்சியையும் பிந்தவைக்கும். உலாவியில் சில வேளை அது நடக்காது. படத்தை நிறுத்தி, பத்து செக்கன் பின்னால் இழுத்து ஓடவிடுங்கள். சரிவராவிட்டால் கம்பி ஹெட்செட்டுக்கு மாறுங்கள். கம்பியில் இந்தத் தொல்லை இல்லை.

கம்பியில் வேறு தொல்லை உண்டு. 2016 இல் வந்த ஐபோன் 7 முதல் ஆப்பிள் வட்டத் துளையை எடுத்துவிட்டது. ஆண்ட்ராய்டிலும் பலர் எடுத்துவிட்டார்கள். ஆகவே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் யு.எஸ்.பி. சி மாற்றி ஒன்றை வாங்குகிறோம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்: விரல் நீளக் கம்பி, ஒரு முனை சி, மறு முனை வட்டத் துளை. ஆனால் உள்ளே இரண்டு சாதி. ஒன்றில் ஒலியை மாற்றித் தரும் சிறு சில்லு இருக்கிறது, மற்றதில் வெறும் கம்பி. வெறும் கம்பி சில போன்களில் மட்டுமே பேசும், மற்றவற்றில் ஊமை. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் போனைக் கொண்டுபோய், கடைக்காரரின் முன்னால் செருகி, ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். இதில் கூச்சப்பட்டு வாங்கிவந்து விமானத்தில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பழைய விமானங்களில் இரண்டு முள் ஹெட்செட் கொடுப்பார்கள். அது இருக்கைத் துளைக்கு உரியது, போனுக்கு ஆகாது.

தமிழ்ப் படம் ஹிந்தியில் பேசினால் படத்தை ஒரு தடவை தொட்டு, ஓரத்தில் வரும் பேச்சுக்குமிழிக் குறியைத் தேடுங்கள். மொழித் தெரிவு அங்கே இருக்கும். அங்கேயும் தமிழ் இல்லையென்றால் அந்த விமானத்தில் ஏற்றவில்லை. உங்கள் கையில் ஒன்றுமில்லை.

படம் தானாகவே நிற்கிறது

விமானி பேசும்போது நின்றால் அது ஏற்பாடு. அறிவித்தல் முடிந்ததும் தானே தொடரும். தொடராவிட்டால் ஒரு தடவை தொடுங்கள்.

தரையிறங்கத் தொடங்கும்போது பல விமானங்களில் சேவை முற்றாக நின்றுவிடும். கொழும்பிலிருந்து சென்னைக்கு வானத்தில் இருப்பதே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் கழித்தால் மிஞ்சுவது ஐம்பது நிமிடம் அளவில். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தைத் தொடங்கினால் இடைவேளையைக் கூடக் காண மாட்டீர்கள். திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம் என்று நம்பவும் வேண்டாம். வைஃபையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் விமானம் வேறு, சேவைக் கணினி வேறு. நீங்கள் எங்கே விட்டீர்கள் என்று அதற்குத் தெரியாது. குறும்பயணத்துக்கு நகைச்சுவைத் தொடரோ பாட்டுத் தொகுப்போ நல்லது.

பற்றரி ஓட்டமாக வடிகிறது

வைஃபை, திரை, புளூடூத் மூன்றும் ஒன்றாக வேலை செய்தால் வடியத்தான் செய்யும். வீட்டிலிருந்து நிறைத்துக்கொண்டு போங்கள். திரை ஒளியைப் பாதியாக்குங்கள். இருட்டிய விமானத்துக்குள் அது தாராளம்.

பவர் பேங்க் விஷயத்தில் கவனமாக இருங்கள், இது படத்தைவிடப் பெரிய விஷயம். 2025 ஜனவரி 28 ஆம் திகதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படும் முன் தீப்பற்றி எரிந்தது. பவர் பேங்க் ஒன்று காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. அதன் பிறகு விதிகள் இறுகின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பாவிப்பதைத் தடைசெய்துவிட்டன. கொண்டுபோகலாம், பாவிக்கக் கூடாது. அதையும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்குப் பெட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். பொதுவான எல்லை 100 வாட் மணி. 20,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் 3.7 வோல்டால் பெருக்க 74 வாட் மணி, எல்லைக்குள். ஏறும் முன் உங்கள் நிறுவனத்தின் விதியை ஒரு தடவை பாருங்கள். இருக்கையில் யு.எஸ்.பி. துளை இருந்தால் அதிலேயே மின்னேற்றுங்கள். கம்பி உங்களுடையதாக இருக்க வேண்டும்.

போன் கைநழுவி இருக்கைக்கு இடையில் விழுந்துவிட்டால் இருக்கையைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ வேண்டாம். அப்படியே எழும்பி நின்று பணியாளரைக் கூப்பிடுங்கள். இருக்கையின் இரும்பு போனை நசுக்கினால் பற்றரி தீப்பற்றலாம். போன் கொதித்தாலோ, புகைந்தாலோ, வீங்கினாலோ ஒரு செக்கனும் தாமதிக்காமல் சொல்லுங்கள்.

படம் வருகிறது, வாட்ஸ்அப் வரவில்லை

இது கோளாறு அல்ல. முன்பே சொன்னதுபோல் படம் விமானத்துக்குள், வாட்ஸ்அப் வெளியில். செய்மதி இணையம் உள்ள விமானங்களில் அதைத் தனியாக வாங்க வேண்டும் அல்லது தனியாக அனுமதி பெற வேண்டும்.

வாட்ஸ்அப் வருமா என்று பார்ப்பதற்காக விமானப் பயன்முறையை எடுத்துவிடாதீர்கள். சில விமானங்களுக்குள்ளேயே கைபேசிக் கோபுரம் போன்ற ஒரு சிறு கருவி இருக்கிறது. போன் அதில் தானாகவே தொற்றிக்கொண்டால் ரோமிங் கட்டணம் ஏறும். தரையில் எந்த நாட்டின் ரோமிங்கோடும் ஒப்பிட முடியாத விலை அது. அம்மா அப்பாவை அனுப்பும் பிள்ளைகள் வீட்டிலேயே ரோமிங்கை அணைத்துக் கொடுத்துவிடுவது உத்தமம்.

தரையிறங்கிய பிறகு போன் சரியில்லை

வானத்தில் மாற்றியதைத் தரையில் திருப்பி வைக்க வேண்டும். விமானத்தின் வைஃபையை ‘மறந்துவிடு’ என்று நீக்குங்கள். இல்லாவிட்டால் வாயிலில் நிற்கும் அடுத்த விமானத்தின் வைஃபையில் போன் போய் ஒட்டிக்கொண்டு, வாட்ஸ்அப் அழைப்பு வராமல் வெளியே காத்திருக்கும் பிள்ளை பதறும். தனிப்பட்ட டி.என்.எஸ். போட்டிருந்தவர்கள் அதைத் திரும்பப் போடுங்கள். அலுவலக வி.பி.என்.ஐத் திரும்ப இயக்குங்கள். 2022 இல் யாரோ போட்டுக்கொடுத்த அந்த வி.பி.என். செயலியைத் திரும்ப இயக்க வேண்டாம், நீக்கிவிடுங்கள். பிறகு விமானப் பயன்முறையை எடுங்கள்.